பத்துப் பூச்சி

ஜெபசீலிக்கு வாய் சும்மா இருக்காது. அது தெரிந்துதானோ என்னவோ, ஐம்பத்தேழாம் வருஷம் பெங்களூரில் அவள் படித்த பெண்கள் கல்லூரியின் முதல்வரம்மா, அவளைப் போலவே ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் நான்கு புது மாணவிகளை அவள் தலையில் கட்டினார். "நீ மூன்றாம் வருஷம். இந்தப் பிள்ளைகளுக்கு இனி நீதான் வழிகாட்டி" என்றார். ஜெபசீலிக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று மாலையே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, யோசனைகளை எழுத உட்கார்ந்துவிட்டாள்.

பஸ்ஸில் எந்தப் பக்கம் வெயில் அடிக்காது, எந்த விரிவுரையாளர் கடைசி பெஞ்சைத்தான் கேள்வி கேட்பார், இங்கிலீஷ் பாடம் புரியாதபோது முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று மொத்தம் இருபத்துமூன்று யோசனைகள். ஓசூரிலிருந்து எல்லை தாண்டி அத்திப்பள்ளி போவதற்குள் தினம் ஒன்றாக விளக்கிவிடுவாள். கண்டக்டருக்கே பாதி மனப்பாடம். ஆனால் ஜெபசீலி படித்தது கணிதம். பூச்சி போட்டு வைக்கும் பாட்டிலைப் பற்றி அந்த நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

நால்வரில் மங்கம்மாதான் அவளுக்குக் கவலை. மத்திகிரிப் பக்கத்தில் ராகி விளைவிக்கும் ராஜப்பனின் ஒரே மகள். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் அவள் சொல்லும் பதில் அவளுக்கே கேட்காது. வந்திருந்தும் மூன்று தடவை ஆப்சென்ட் விழுந்து, ஜெபசீலி போய்ச் சண்டை போட்டுத் திருத்தினாள். விலங்கியல் பாடம் நடக்கும்போது மட்டும் அந்தப் பெண்ணின் கண் அகல விரியும்.

கல்லூரியில் இடம் கிடைத்த பிறகும் ராஜப்பன் லேசில் அனுப்பிவிடவில்லை. ஜெபசீலி அவர் வீட்டுக்கே போய் அரை நாள் பேசிய பிறகுதான் இறங்கி வந்தார்.

"சரிம்மா, உன்ன நம்பி அனுப்பறேன். ஆனா போலீசு, கோர்ட்டுன்னு ஒரு சொல்லு என் காதுல உழக்கூடாது. உழுந்துச்சுன்னா அன்னியோட படிப்பு முடிஞ்சுது."

"எதுவும் வராதுங்கய்யா. நான் ஒருத்தி இருக்கறேன்ல?" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள் ஜெபசீலி.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. விலங்கியல் அம்மா, திங்கட்கிழமைக்குள் ஆளுக்குப் பத்துப் பூச்சி பிடித்து வரச் சொல்லியிருந்தார். மங்கம்மா கிராமத்துப் பெண்ணாயிற்றே, நல்ல பூச்சியாகக் கொண்டுவருவாள் என்று ஆய்வுக்கூட உதவியாளர் ஒரு பாட்டிலில் பாதிக்கு ஸ்பிரிட் ஊற்றி, தக்கை வைத்து அடைத்துக் கொடுத்தார். பெங்களூர்க்காரருக்கு ஸ்பிரிட் வெறும் ஸ்பிரிட்தான். எல்லை தாண்டினால் ஓசூர்ப் பக்கம் மதுவிலக்கு என்பதெல்லாம் அவருக்கு எதற்கு நினைவில் இருக்கப்போகிறது?

மாலை பஸ் எல்லைச் சாவடியில் நின்றது. தினமும் நிற்பதுதான். ஏட்டு ஏறுவார், இரண்டு பையைத் தடவுவார், இறங்கிவிடுவார். அன்று அவர் நான்காவது வரிசையில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"இது யாரு பை?"

மங்கம்மா எழுந்து நின்றாள். ஏட்டு பாட்டிலை எடுத்து, தக்கையைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பஸ் முழுக்க வாசனை பரவியது. "காலேஜுப் புள்ளயே கடத்துதா?" என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். ஏட்டு சிரிக்கவில்லை. எல்லோரையும் இறங்கச் சொன்னார்.

ஜெபசீலி ஏட்டின் பின்னாலேயே இறங்கி ஓடினாள். இருபத்துமூன்று யோசனை எழுதியவளுக்கு இது தோன்றவில்லையே! அதற்குள் பின்னால் வந்த லாரி ஒன்று, வேடிக்கை பார்த்துவிட்டு ஓசூர்ப் பக்கம் போனது. மகளுக்காக பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும் ராஜப்பன் காதுக்கு விஷயம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

"சார், அது குடிக்கறது இல்ல சார், அது வந்து..." என்று ஜெபசீலி ஆரம்பித்தாள்.

"பாட்டில் உன்னுதா?"

"இல்ல சார், ஆனா நான்தான் இவளுக்கு..."

"அப்ப நீ சும்மா இரு. பாட்டில் யாருதோ அவங்க சொல்லட்டும்."

அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு கஷ்டமான வேலையை யாரும் கொடுத்ததில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். மங்கம்மா ஜெபசீலி அக்காவைப் பார்த்தாள். அக்கா வாயைத் திறக்கப்போவதில்லை என்று தெரிந்ததும் ஏட்டு பக்கம் திரும்பினாள்.

"பூச்சி போட்டு வெக்கங்க. அழுகிப்போவாம இருக்கும்."

"பூச்சி எங்க?"

"இன்னும் புடிக்கலைங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஏட்டுக்கும் மீசை லேசாக ஆடியது. "அப்பிடியா? புடிச்சுக் காட்டு, பாக்கலாம்" என்றார்.

மத்தியானம் பெய்த மழையில் சாலையோரப் புல் நனைந்து கிடந்தது. சாவடியில் அப்போதுதான் பெட்ரோமாக்ஸ் ஏற்றியிருந்தார்கள். விளக்கைச் சுற்றி என்னென்னவோ மொய்க்க ஆரம்பித்திருந்தன. மங்கம்மா தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு புல்லுக்குள் இறங்கினாள். முதலில் ஒரு ஈசல். அப்புறம் ஒரு வெட்டுக்கிளி, ஒரு சாண வண்டு. பிடித்த ஒவ்வொன்றையும் ஏட்டு முகத்துக்கு நேரே நீட்டி, தலை, மார்பு, வயிறு என்று காட்டி, கால்களை எண்ணிச் சொல்லிவிட்டுத்தான் பாட்டிலில் போட்டாள். நான்காவது பூச்சி வருவதற்குள் அவள் குரல் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. பயணிகளுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு பக்கம் குனிந்து தேடினார்கள். நேரமாகிறதே என்று கன்னடத்தில் திட்டிக்கொண்டிருந்த கண்டக்டரே தொப்பியால் ஒரு அந்துப்பூச்சியைக் கவிழ்த்துப் பிடித்தார். கரப்பான் பூச்சிக்கே அலறுகிற ஜெபசீலி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தும்பியை வாலைப் பிடித்துக் கொண்டுவந்தாள்.

ஏட்டும் சும்மா இருக்கவில்லை. சாவடிச் சுவரிலிருந்து கொழுத்த சிலந்தி ஒன்றைக் காகிதத்தில் தள்ளி எடுத்து வந்து, "இந்தா, போட்டுக்க" என்றார்.

மங்கம்மா எண்ணிப் பார்த்தாள். "இது பூச்சி இல்லைங்க. எட்டுக் காலு. பூச்சின்னா ஆறுதான் இருக்கணும். இதப் போட்டா எங்க டீச்சரம்மா மார்க்கு தரமாட்டாங்க." சிலந்தியைப் பத்திரமாகப் புல்லில் விட்டாள்.

ஏட்டு அவளையே பார்த்தார். "சாராயம் கடத்தறவ எவளும் சிலந்திய வேணாம்னு சொல்ல மாட்டா. ஆனா அடுத்த தடவ காலேஜுல ஒரு சீட்டு எழுதி வாங்கியாரணும்" என்று தக்கையை அவள் கையில் கொடுத்தார்.

அப்போதுதான் ஜெபசீலி கவனித்தாள். கூட்டத்துக்குப் பின்னால், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ராஜப்பன் நின்றிருந்தார். வேர்த்துக் கொட்டியிருந்தது. எப்போது வந்தார், எதையெல்லாம் பார்த்தார் என்று தெரியவில்லை. மங்கம்மாவும் பார்த்துவிட்டாள். அவ்வளவு நேரம் கணீரென்று ஒலித்த குரல் அப்படியே நின்றுபோயிற்று.

"தப்பு என்மேலதாங்கய்யா. நான்தான் இத சொல்லிக் குடுக்காம உட்டுட்டேன்" என்றாள் ஜெபசீலி. அழுகை வந்துவிட்டது.

ராஜப்பன் பாட்டிலை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். சைக்கிளைக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு, சாலையிலிருந்து கழனிக்குள் இறங்கினார். வரப்போரம் குந்தி, ஈர மண்ணைக் கையால் தோண்டினார். திரும்பி வந்து மகள் முன்னால் உள்ளங்கையை விரித்தார். பிள்ளைப்பூச்சி ஒன்று மண்ணோடு நெளிந்தது.

"இதுக்கு எத்தினி காலு?"

"ஆறுப்பா."

"எண்ணிச் சொல்லு."

மங்கம்மா விரல் வைத்து எண்ணினாள். ஆறுதான்.

"அப்ப போடு" என்றார். பிறகு ஏட்டிடம் திரும்பினார். "எம் பொண்ணுங்க. காலேஜுல படிக்கிது." அதை அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும் என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. சுற்றி நின்றவர்களையும் பார்த்து இன்னொரு தடவை சொன்னார்.

ஜெபசீலி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மொத்தம் எட்டுப் பூச்சி. மீதி இரண்டை மாட்டுக் கொட்டகையில் பிடித்துக்கொள்ளலாம் என்று அப்பனும் மகளும் பேசிக்கொண்டார்கள். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு மங்கம்மா சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ராஜப்பன் ஒரு காலைத் தரையில் ஊன்றி ஜெபசீலியைப் பார்த்தார்.

"ஏம்மா, திங்கக்கெழம பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

இரண்டு மாதமாக மகளை அந்த பஸ்ஸில் ஏற்றிவிடுகிறவர் அவர்தான்.

"ஆறு மணிக்குங்கய்யா."

"அஞ்சரைக்கே கொணாந்து உட்டுடறேன்" என்று சொல்லி ராஜப்பன் பெடலை மிதித்தார்.