நூற்றிரண்டாவது ஓட்டம்

"எந்திரிடா விட்கம். நடிச்சது போதும்."

"நடிக்கல பார்னி. கணுக்கால் போச்சு."

பேஸ்பால் திடலில் முதல் மூட்டையைக் காத்து நின்ற பார்னி டுவோமி இடுப்பை மட்டும் வளைத்துப் பார்த்தான். பந்தை அடித்துவிட்டு ஓடிவந்த எஸ்ரா விட்கம், அந்த மூட்டையைத் தொட்டதும் அதைக் கட்டியிருந்த வாரில் கால் சிக்கி விழுந்துகிடந்தான். யாரும் தள்ளவில்லை. அதைத்தான் பார்னியால் பொறுக்க முடியவில்லை. காலையில் உட்கார்ந்து பூட்ஸ் ஆணிகளை அரத்தால் ராவிக் கூராக்கியிருந்தான். விட்கமின் கால் இந்த மூட்டையில் எங்கே இறங்கும், தன் கால் அதன்மேல் எப்படி இறங்க வேண்டும் என்று கோடை முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தான். கடைசியில் சாக்குத் துணியில் தைத்த ஒரு மூட்டை முந்திக்கொண்டது.

மூன்று வருடங்களுக்கு முன்பு பார்னி, ஓட்டம் முடியும் இடமான வீட்டுக் கல்லின் பின்னால் நின்று பந்து பிடிப்பவன். மூன்று மூட்டைகளையும் தொட்டுவிட்டு வந்த விட்கம், கல்லை மிதிக்கக் காலைத் தூக்கிப் பாய்ந்தான். ஆணிகள் பார்னியின் முழங்காலைக் கிழித்தன. மண்ணில் கிடந்தபடி, "கை குடுடா" என்றான் பார்னி. விட்கம் கால்சட்டைப் புழுதியைத் தட்டிக்கொண்டே கணக்கெழுதுபவர் பக்கம் திரும்பி, "ஓட்டத்த எழுதிட்டீங்களா?" என்றான். அந்த முழங்கால் அதன்பிறகு மடங்கவில்லை. கூச்சலில் தன் குரல் அவனுக்குக் கேட்காமல் போயிருக்கலாம் என்று எப்போதாவது பார்னிக்குத் தோன்றும். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அதை விரட்டிவிடுவான்.

இன்று பருவத்தின் கடைசி ஆட்டம். விட்கமுக்கு நூற்றொரு ஓட்டம், சிகாகோக்காரன் ஒருவனுக்கும் அதே நூற்றொன்று. இன்னும் ஒன்று எடுத்தால் நாட்டிலேயே முதல் ஆள் விட்கம்தான்.

"தூக்கிட்டுப் போயி ஹட்சன் ஆத்துல போடுங்க அவன!" சட்டைக் காலர் ஆலைப் பெண்கள் வேலியோரம் நின்று கத்தினார்கள். பார்னியின் ஊரான ட்ராய் நகரமே சிரித்தது.

கறுப்புக் கோட்டு நடுவர் சேற்றில் கால் பதித்து வந்தார். "இவருக்குப் பதிலா வேற ஆள் ஓடலாம். ஓட்டம் இவர் பேர்லதான் ஏறும். ஆனா எதிரணி கேப்டன் ஒத்துக்கணும். என்ன சொல்றீங்க டுவோமி?"

பார்னி தன் காலைப் பார்த்தான். தீட்டிய ஆணிகள் ஈர மண்ணில் முழுசாகப் புதைந்திருந்தன. பழிவாங்கும் வாய்ப்பு இத்தனை சுலபமாகக் கையில் வந்து விழும் என்று அவன் நினைத்ததே இல்லை.

"எங்கிட்ட எதுக்குடா கேக்கணும்?" என்றான் விட்கமிடம். "கணக்கெழுதுறவர்கிட்ட கேளு."

விட்கமின் முகம் வெளுத்தது.

"அன்னிக்கு நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு பார்னி."

வேலியோரச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பது போலிருந்தது. தூரத்து வீட்டுக் கல் மழையில் கழுவப்பட்டு வெள்ளையாகக் கிடந்தது. விட்கம் சேறு அப்பிய கையை மேலே நீட்டினான்.

"ஒரே ஒரு ஓட்டம். எனக்குப் பதிலா ஓட ஒரு ஆள விடு பார்னி."