முறுக்கு கடிக்கும் ஜல்லி

கீழ்க்கட்டளையில் அந்தத் தெருவில் ஒரே மாதத்தில் மூன்று வீட்டுப் பித்தளைச் சாமான்கள் காணாமல் போனதும், பட்டாபிராமன் சார் தன் வீட்டு வாசலுக்கு ஜல்லி போடுவதென்று முடிவு செய்தார். நாய் வளர்த்தால் அவருக்குத் தும்மல் வரும். கேட்டிலிருந்து கார் நிற்கிற போர்ட்டிகோ வரை முப்பதடி. அதில் ஜல்லியைப் பரப்பிவிட்டால் எவன் கால் வைத்தாலும் படுக்கையறைக்குக் கேட்கும். டெலிபோன் இலாகாவில் முப்பது வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர். சத்தத்தைப் பற்றித் தனக்குத் தெரியும் என்று நம்பினார்.

வேலைக்கு வந்தவன் ஜெயவேலு. இருபத்தைந்து வருஷமாகக் கல்லும் மண்ணும் சுமந்து முதுகு வளைந்தவன். தண்ணீர் நிற்குமா, வண்டி ஏறினால் கல் நகருமா என்றுதான் எல்லாரும் அவனைக் கேட்பார்கள். கல் எப்படிச் சத்தம் போடும் என்று கேட்டது இவர் ஒருவர்தான்.

மேடவாக்கம் போகிற வழியில் ஜல்லி விற்கிற இடத்துக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு குவியலிலும் ஏறினார். கண்ணை மூடிக்கொண்டு நாலடி நடந்தார். லாரிக்காரர்கள் டீ குடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இது என்ன கல்லுப்பா?"

"ஒன்றர இஞ்ச் ஜல்லி சார். ரோட்டுக்குப் போட்றது."

"சத்தம் ரொம்ப மொத்தையா இருக்கு. அது?"

"கூழாங்கல்லு. பாக்க சோக்கா கீது. ஆனா வண்டி ஏறுனா ரெண்டு பக்கமும் ஒதுங்கிக்கும் சார். டயரு அங்கியே சுத்திகினு நிக்கும்."

சார் அதிலும் நடந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கடைசியாக முக்கால் அங்குல ஜல்லியில் நின்று ஒரு காலை மாற்றினார். மறு காலை மாற்றினார்.

"இதுதான். முறுக்கு கடிக்கற மாதிரி கேக்கறது."

"இன்னா சார், கச்சேரிக்கா எடுக்கறீங்கோ?" என்றான் லாரி ஓட்டுகிற சிட்டிபாபு.

"ஆமாம்ப்பா. ஒரு லோடு போடு," என்றார் சார். சிரிக்கவில்லை.

ஜெயவேலு முதல் நாள் முப்பதடியும் அரையடி ஆழம் வெட்டினான். மறுநாள் அடியில் பெரிய ஜல்லியைப் பரப்பித் திமிசுக்கட்டையால் இடித்துக்கொண்டிருந்தபோது, சாரின் மனைவி சுந்தரவல்லியம்மா மோர் கொண்டுவந்தார். அவன் குடித்து முடித்த பிறகும் போகாமல் நின்றார்.

"ஜெயவேலு, இதுமேல சத்தமில்லாம நடக்க முடியாதா?"

"முடியாதும்மா. அதுக்குத்தானே போட்றது."

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். உள்ளே சார் மதியத் தூக்கத்தில் இருந்தார். குறட்டை சீராக வந்தது.

"பக்கத்தாத்து சபீஹாகிட்ட ஸ்கூட்டி கத்துக்கறேன். அவர் தூங்கறச்சேதான் போறேன். வியாழக்கிழமை லைசென்ஸ் டெஸ்ட்."

"சாருக்குத் தெரியாதா?"

"போன வருஷமே கேட்டேன். உனக்கு பேலன்ஸ் வராதுன்னுட்டார். லைசென்ஸை அவர் கையில கொடுத்துட்டு அப்பறம் பேசிக்கலாம்னு இருக்கேன். இனிமே வெளில காலை வெச்சா முழிச்சுப்பாரே."

காம்பவுண்டுச் சுவருக்கு மேலே சபீஹாவின் தலை தெரிந்தது. "அண்ணா, ஏதாச்சும் பண்ணுங்கண்ணா. இன்னும் நாலு நாள்தான் இருக்கு. எட்டு போடச் சொன்னா அக்கா பாதி எட்டு போட்டுட்டு நேரா செவுத்துக்குப் போறாங்க."

"அந்த நாலு நாளும் கிடைச்சா முழுசா போட்டுடுவேன்," என்றார் அம்மா.

ஜெயவேலு மறுபடி திமிசுக்கட்டையை எடுத்தான். வேலை கொடுத்தவர் சார். ஓரடி கேட்காவிட்டாலும் பெயர்த்துவிட்டு மறுபடி போடவேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். முப்பதடியை இன்னொரு தரம் பெயர்க்க அவன் முதுகில் தெம்பு இல்லை.

ஆனாலும் அன்று மாலை மேலே முக்கால் ஜல்லியைப் பரப்பியபோது, இடது சுவரோரமாக ஒன்றரை அடி அகலத்துக்கு மட்டும் அதில் கல் உடைக்கிற கிரஷரில் விழும் தூளைக் கலந்தான். தண்ணீர் தெளித்தான். கல்லும் கல்லும் கவ்விக்கொண்டு அசையாமல் நிற்கும்வரை இடித்தான். மேலே இருந்த தூளைத் துடைப்பத்தால் தட்டி எடுத்தான். பார்வைக்கு மற்ற இடம் மாதிரியே இருந்தது. நடந்தால் சிமெண்ட் தரை. போகும்போது அம்மாவிடம் மட்டும் அந்த ஓரத்தைக் காட்டினான். திருடனுக்கு இது தெரிய வழியில்லை. இவ்வளவு தொழில் தெரிந்தவன் பித்தளைக் குடத்துக்கு ஏன் அலையப்போகிறான்?

மறுநாள் பதினொரு மணிக்குச் சோதனை. தானே நடந்து பார்ப்பதில் பயனில்லை, கேட்கிறவன் உள்ளே இருக்கவேண்டும் என்று சார் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். "நடப்பா!"

ஜெயவேலு நடந்தான். ஜல்லி நறநறவென்றது.

"கேக்கறது! மெதுவா வா... கேக்கறது! நுனிக்கால்ல வா... அதுவும் கேக்கறது!" குரலில் சந்தோஷம். பிறகு ஒரு சந்தேகம். "இரு. திருடன் நடுவுல வரமாட்டான். சுவரோரமா வா."

சமையலறை ஜன்னலில் முருங்கைக்காயும் கையுமாக அம்மா நின்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

ஜெயவேலு குனிந்தான். இரண்டு கையிலும் ஒவ்வொரு பிடி ஜல்லி அள்ளினான். சுவரோரமாக ஓரடி வைத்தான், கைகளை ஒன்றோடொன்று வைத்துத் திருகினான். அடுத்த அடி, அடுத்த திருகல். உள்ளங்கைத் தோல் கிழிந்தது. கேட் வரை போய்த் திரும்பினான்.

"ஆஹா! ஓரத்துலதான் பிரமாதமா கேக்கறது! நடுவுலயும் அதே மாதிரி போட்டுடேன்."

ஜெயவேலு சுவரை ஒருமுறை பார்த்தான்.

"அது செவுரு குடுக்கற சத்தம் சார். நடுவுல ஓணும்னா அங்க ஒரு செவுரு கட்டணும்."

உள்ளே யோசனை நடந்தது.

"எதிரொலி," என்றார் சார். "சுவர் கட்டினா கார் வராதே."

"வராது சார்."

"சரி, விட்டுடு."

மூன்று மணிக்கு ஜெயவேலு மண்வெட்டியையும் ஜல்லி சுமக்கிற இரும்புப் பாண்டையும் கழுவிக்கொண்டிருந்தான். அம்மா செருப்புப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். சுவரோரமாக ஒரு காலை வைத்து, குறட்டையைக் கவனித்து, மறு காலை வைத்தார். அப்படியே முப்பதடியும் கடந்து கேட்டுக்கு வெளியே போனார். அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தெருமுனைக் காலி மனையில் ஸ்கூட்டி கிளம்பியது. நின்றது. மறுபடி கிளம்பியது. ஜெயவேலு காதைத் தீட்டிக்கொண்டான். சத்தம் இடப்பக்கமாக ஒரு சுற்றுப் போனது. நடுவில் திணறியது. வலப்பக்கமாகத் திரும்பி இன்னொரு சுற்றுப் போய், புறப்பட்ட இடத்துக்கு வந்தது.

"அக்கா! எட்டு! முழு எட்டு!" சபீஹா கைதட்டிக் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது.

உள்ளே குறட்டை நின்றது.

ஜெயவேலு மிச்சமிருந்த ஜல்லியைப் பாண்டு நிறைய அள்ளி, நடுப்பாதையில் தடாரென்று கொட்டினான்.

"கேக்கறதுப்பா, கேக்கறது," என்றார் சார் தூக்கக் குரலில். கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. குறட்டை மறுபடி ஆரம்பித்தது.