எண்பத்தேழு கையெழுத்துகள்

மருத்துவமனை ரெக்கார்டு அறையில் எனக்குக் கொடுத்த வேலை ஒரு கோடு வரைவது. பெரிய டாக்டர் ஓய்வு பெறுகிறார். ஐந்து வருடத்துக்கு முன்புவரையிலான இருபது வருடங்களில் நுரையீரல் புற்றுநோய்க்காக அவர் அறுவை செய்தவர்கள் ஐந்நூற்று நாற்பது பேர். ஐந்து வருடம் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று வருடவாரியாகக் காட்ட வேண்டும். விழாவில் அவர் திரையில் காட்டப்போவது அந்தக் கோட்டைத்தான். மொத்தத்தில் நூற்றுக்கு அறுபது என்று அழைப்பிதழிலேயே அச்சாகிவிட்டது.

கூட்டினேன். அறுபதுதான் வந்தது. ஆனால் என் கூட்டலை நான் நம்புவதில்லை. மாலை வகுப்பில் புள்ளியியல் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது. அதனால் ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். நாலாம் நாள் அப்பாவின் ஃபைல் வந்தது.

ஐந்தாம் ஆண்டு நிலை: உயிருடன்.

அறுவை முடிந்த பதினோராம் மாதமே அப்பா இறந்துவிட்டார். அவருக்கு அறுவையில் விருப்பமே இல்லை. “நம்ம கணக்குல பத்துக்கு ஆறு பேர் பிழைச்சிடறாங்கம்மா” என்று பெரிய டாக்டர் சொன்னதை நம்பித்தான் அம்மா அவரைச் சம்மதிக்க வைத்தாள்.

ஹெட் கிளார்க்கிடம் ஃபைலைக் காட்டினேன். அவர் சிரித்தார். “வருஷா வருஷம் நலமான்னு கேட்டுக் கடிதம் போடறோம். பதில் வரலைன்னா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். செத்தா வந்து சண்டை போட மாட்டாங்களா?”

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன்.

“வந்துச்சு. நாலு வருஷம் வந்துச்சு. கிழிச்சுப் போட்டேன். போய்ச் சேர்ந்த மனுஷனை நலமான்னு கேட்டா நான் என்னடி எழுதறது?”

“நீ ஒரு வரி எழுதியிருந்தா...”

“இப்ப நீ எழுது. அவன் மூஞ்சியில கரி பூசற மாதிரி எழுது.”

பதில் வராத வீடுகள் நூற்றுப் பதினெட்டு. ஆறு வாரம், மதிய இடைவேளை தோறும் போன் செய்தேன். சிலர் அழுதார்கள், ஒருவர் திட்டினார். முப்பத்தொரு பேர் நிஜமாகவே ஐந்து வருடம் தாண்டியிருந்தார்கள். எண்பத்தேழு பேர் தாண்டவில்லை. அறுபது என்பது நாற்பத்து நாலாக இறங்கியது.

கோடு முழுவதும் சரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சரியவில்லை. அந்த இருபதில் கடைசி ஐந்து வருடங்களில் அது உண்மையாகவே ஏறியது. ஸ்கேனில் சீக்கிரமே கண்டுபிடித்து, சின்னத் துளை போட்டு, கெட்ட பகுதியை மட்டும் எடுத்திருந்தார்கள். நாலு முறை சரிபார்த்தேன். பிடிக்கவில்லை என்பதற்காக அழிக்க முடியுமா? அப்படியே வரைந்தேன்.

“பழைய கோட்டையே குடுத்துடும்மா. போற மனுஷன் வயித்தெரிச்சல் உனக்கெதுக்கு?” என்றார் ஹெட் கிளார்க்.

ஃபைலில் எதைத் திருத்தினாலும் அறுவை செய்த டாக்டர் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. எண்பத்தேழு ஃபைல்களையும் தள்ளுவண்டியில் அடுக்கி அவர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

“அழைப்பிதழ் எல்லாருக்கும் போயாச்சேம்மா,” என்றார் பெரிய டாக்டர்.

“நீங்க போடலைன்னா, மறுத்துட்டார்னு எழுதி மேல அனுப்பணும் சார். அதுவும் விதிதான்.”

அவர் பேனாவைத் திறந்தார். படித்துக் காட்டச் சொல்லி எந்த விதியும் இல்லை. இருந்தாலும் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தேன்: வயது, என்ன வேலை பார்த்தவர், எத்தனையாவது மாதம். நாற்பதாவது ஃபைலில் விரல்களை நீவிக்கொண்டார். நான் நிறுத்தவில்லை.

அப்பாவைக் கடைசியாக வைத்திருந்தேன். “பதினோராம் மாதம். எங்கப்பா.”

பேனா நின்றது. “எந்தப் பக்க நுரையீரல்ல எடுத்தோம்?”

“நீங்கதானே சார் எடுத்தீங்க.”

இடது பக்கம் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடினார். கண்டுபிடித்து, படித்து, அப்புறம் கையெழுத்திட்டார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“கை வலிச்சிருக்குமா அவனுக்கு?”

“வலிச்சிருக்கும்மா.”

“போதாது,” என்றாள்.