தட்டில் திரிந்த பால்

பால் லாரி ஓட்டிவரும் ஓனுகி அண்ணன் கண்ணாடித் தட்டைச் சாய்த்தார். அதில் என் பால் பாதி, அவர் சோதனைக்குக் கொண்டுவரும் ஆல்கஹால் பாதி. வழவழவென்று வழிய வேண்டியது, ரவை தூவியதுபோல் பொடிப்பொடியாகத் திரிந்து ஒட்டி நின்றது.

“எடுக்க முடியாது, குமேதா” என்றார், லாரிக் குழாயைத் தொடாமலேயே.

ஹொக்கைடோவின் இந்தக் கோடிக்குப் பால் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். அவர் எடுக்காமல் போனால், மாலைக் கறவைக்குள் தொட்டிப்பால் முழுவதையும் சாணக்குழியில் திறந்துவிட வேண்டும். ஆகவே வாதாடினேன். முகர்ந்து பாருங்கள் என்றேன். வாசனை அருமை என்று அவரே ஒப்புக்கொண்டார். புளிப்பு பார்க்கும் தாளை நனைத்துக் காட்டினேன், துளிப் புளிப்பில்லை. வீட்டுக்கு ஓடி ஒரு குண்டான் பாலைக் காய்ச்சிக் கொண்டுவந்தேன். கெட்ட பாலென்றால் கொதியில் உடைந்திருக்கும். இது ஆடை கட்டிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. மூன்று சாட்சிகள் என் பக்கம். ஜெயித்தது என்னவோ தட்டுதான்.

“சாராயம் ஊத்தினா நானே நிதானமா நிக்க மாட்டேன். பாலு மட்டும் எப்படிண்ணே நிக்கும்?”

அவர் சிரிக்கவில்லை. தொழிற்சாலை வாசலிலும் இதே சோதனைதான், அங்கே திரிந்தால் லாரியிலிருக்கும் மற்றவர்கள் பாலும் சேர்ந்து போகும் என்றார். நியாயமாகப் பேசுகிறவரோடு சண்டை போடுவதைப்போல் எரிச்சல் வேறில்லை.

என் மனைவி சிசுரு தொட்டியின் அடித் திறப்பில் கைவைத்தபடி நின்றாள்.

“பாலு நல்ல பாலுதாண்ணே. மாடுங்களுக்குத்தான் ஒத்துக்கல. மலிவா கெடைக்குதுன்னு புல்லை மாத்தினாரே ஒரு மேதை, அவரைத் தட்டுல போட்டுப் பாருங்க.”

அந்த மேதை நான்தான். போட்டால் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியும்.

ஓனுகி அண்ணன் காய்ச்சிய பாலை ஒரு கோப்பையில் வாங்கி ஊதி ஊதிக் குடித்தார். மீசையில் ஆடை. “நல்ல பாலு” என்றார், இழவு வீட்டில் பேசும் குரலில். இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு லாரியில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

இன்ஜின் உறுமியது. நின்றது. அண்ணன் இறங்கி வந்தார், கையில் வேறொரு தட்டு.

“தொட்டியை நல்லாக் கலக்கிவிடு. இன்னொரு தடவை பாக்கறேன், இதோட சரி” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கலக்கியை ஓடவிட்டேன். சிசுரு திறப்பிலிருந்து கையை எடுத்தாள். அவர் பாலை விட்டு, ஆல்கஹாலை விட்டு, தட்டை மெல்லச் சுழற்றினார். மூன்று தலைகளும் அதன்மேல் கவிந்தன. குளிரில் எங்கள் மூச்சு புகைந்து கண்ணாடியை மூடியது. துடைக்க யாரும் கை நீட்டவில்லை.