பிணத்துக்கு ஒரு சிரிப்பு

ஓவர்கோட்டுப் போட்டவன் கொலைகாரன் என்பது ராயப்பராஜ் சென்னையில் படித்த பாடம். திண்டுக்கல்லில் ஓவர்கோட்டுப் போட்டவன் காய்ச்சல்காரன். இந்த வித்தியாசம் அவனுக்கு முதல் நாளே உறைத்திருந்தால் பாதிப் படச்சுருள் மிச்சமாகியிருக்கும். எங்கே உறைக்கிறது? படித்த பிள்ளையல்லவா.

அறுபத்து மூன்றாம் வருஷத்துச் சித்திரை அது. சினிமாத் தொழில் படிக்கிற கடைசி வருஷத்து மாணவர்கள் தேர்வுக்கு ஆளுக்கொரு குட்டிப்படம் எடுத்துவர வேண்டும். சாவி கொடுத்தால் ஓடுகிற சின்னக் கேமரா ஒன்றும், எண்ணெய் மாதிரி அளந்து ஊற்றிய கொஞ்சம் படச்சுருளும் கொடுத்திருந்தார்கள். சீமையிலிருந்து வருகிற சுருள். தீர்ந்தால் தீர்ந்ததுதான், காலில் விழுந்தாலும் கிடைக்காது. பேச்சில்லாத ஊமைப்படம் வேறு. கூடப் படித்தவர்கள் மீன்பிடிப்பு, கோயில் சிற்பம் என்று அடக்கமாகக் கிளம்பினார்கள். நம் ஆள் மர்மப்படம் எடுக்கப்போகிறேன் என்று சொந்த ஊருக்கு ரயிலேறினான்.

அவன் அப்பா சிலுவைமுத்து புகையிலை மூட்டை அடுக்குகிற கிட்டங்கி ஒன்று வைத்திருந்தார். "படம் தேறுச்சுன்னா நீ மெட்ராசுலயே கெட. தேறலைன்னா பேசாம வந்து கிட்டங்கில ஒக்காரு" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். ராயப்பராஜுக்குக் கிட்டங்கி வாசலை மிதித்தாலே தும்மல் பிடித்துக்கொள்ளும். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, ஆளையே ரெண்டாய் மடக்குகிற தும்மல். படம் தோற்றால் ஆயுளுக்கும் அங்கே உட்கார்ந்து தும்ம வேண்டியதுதான்.

கதை என்னவோ சின்னதுதான். தொப்பியும் ஓவர்கோட்டும் போட்ட ஒருவன் இன்னொருவனை ஊரெல்லாம் பின்தொடர்ந்து, தென்னந்தோப்பில் வைத்துக் குத்திக் கொல்கிறான். படம் முழுக்கக் கொலைகாரன் முகம் தெரியாது. கடைசியில் அவன் பிணத்தின் மேல் குனிந்து தொப்பியைக் கழற்றும்போதுதான் தெரியும், அவன் செத்தவனுடைய உயிர்த்தோழன் என்று. அந்த ஒரு காட்சிக்காகத்தான் மொத்தப் படமும்.

கொலைகாரனாக நடிக்க, பேகம்பூர்த் தோல் வியாபாரி வீட்டுப் பிள்ளை சேக் பரீது வந்தான். பள்ளிக்கூடத்தில் ராயப்பராஜோடு ஒரே பெஞ்சு. பார்க்க லட்சணமான பையன், அது அவனுக்கும் தெரியும். கடைசியில் முகம் பெரிதாக வரும் என்று சொன்னதால்தான் ஓவர்கோட்டுக்கே சம்மதித்தான். சாகிறவன் மொக்கைச்சாமி, வத்தலக்குண்டு பஸ்ஸில் கண்டக்டர். நாடகப் பைத்தியம். கொலைகாரன் வேஷம் கேட்டு, கிடைக்காமல், பிணமாவது கிடைத்ததே என்று லீவு போட்டுவிட்டு வந்தான்.

முதல் நாள் கடைத்தெருவில் பின்தொடர்கிற காட்சி. சேக் பரீது கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சுவரோரமாகப் பதுங்கினான். "என்ன தம்பி, குளுர் காய்ச்சலா?" என்றார் டீக்கடைக்காரர். அதை வெட்டி மறுபடி எடுத்தால், தையல்கடைக்காரர் எட்டிப் பார்த்து ஊசி போட்டாச்சா என்று கேட்டார். மூன்றாம் முறை எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போது, எதிரே வந்த சேக் பரீதின் சாச்சி, சின்னம்மா முறை, காதர் பீவி பதறிப்போய் தொப்பியைப் பிடுங்கி நெற்றியில் கை வைத்தாள். "நெத்தி இந்தக் கொதி கொதிக்குதே, இவன எதுக்கு வெயில்ல நடக்க விட்டிருக்கீங்க?" சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டுப் போட்டால் கொதிக்காமல் என்ன செய்யும்? கேமரா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பின்தொடரப்படுகிறவன் கதை அதைவிட மோசம். உயிருக்குப் பயந்து ஓட வேண்டிய மொக்கைச்சாமியை நாலடிக்கு ஒருவர் நிறுத்தி, "என்னண்ணே, இன்னைக்கு டூட்டி இல்லையா, நெலக்கோட்டைக்கு அடுத்த வண்டி எப்ப?" என்று கேட்டார்கள். அவனும் நின்று நிதானமாகப் பதில் சொல்லிவிட்டு, பிறகு ஞாபகம் வந்து பயந்தான். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்காத ஊரில்தான் மர்மம் நடக்கும் போலிருக்கிறது என்று ராயப்பராஜ் நொந்துகொண்டான்.

அடுத்து அகரம் தோப்பில் பிணக் காட்சி. கறுப்பு வெள்ளைப் படத்தில் ரத்தத்துக்குச் சிவப்பு எதற்கு, அடர்த்தி இருந்தால் போதும் என்று வாத்தியார் சொன்னதை நம்பி, ராயப்பராஜ் வெல்லப்பாகு காய்ச்சிக் கொண்டுபோயிருந்தான். நெஞ்சில் ஊற்றினார்கள். பார்க்க அசல் ரத்தம். எறும்புகளுக்கும் அது அசலாகவே பட்டிருக்க வேண்டும். மூச்சடக்கிக் கிடந்த பிணம் கொஞ்ச நேரத்தில் அய்யோ அம்மா என்று எழுந்து, வேட்டியை உதறிக்கொண்டு வரப்பில் ஓடியது. அப்படியே ரெண்டு சுருள் போயிற்று. பொறுக்க முடியாத அரிப்போடு பல்லைக் கடித்துக்கொண்டு மொக்கைச்சாமி ஒருவழியாகச் செத்து முடித்தபோது, மிச்சம் இருந்தது ஒரே ஒரு சுருள். தொப்பியைக் கழற்றுகிற காட்சிக்கு.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒச்சம்மாள் தலைவிரிகோலமாய் ஓடிவந்தாள். மொக்கைச்சாமியின் பெண்டாட்டி. சந்தைக்குப் போன எவனோ, "ஒம் புருசன் அகரம் தோப்புல வெட்டுப்பட்டுக் கெடக்குறான்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். வந்தவள், புருஷன் மரத்தடியில் உட்கார்ந்து எறும்புக் கடியைச் சொறிந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். அப்புறம் பேசினாள். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

ஏசி ஓய்ந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ராயப்பராஜிடம் வந்தாள். "சரி தம்பி, இப்ப இவரச் சிரிக்க வச்சு எடுங்க."

"எதுக்கு மதினி?"

"சினிமாவுல செத்தவக எந்திரிச்சு கேமராவப் பாத்துச் சிரிச்சாத்தான் தோஷம் கழியும். இல்லாட்டி செத்தது செத்ததாவே நின்னுரும். இதுகூடத் தெரியாமலா மெட்ராசுல படிக்கிறீக?"

"ஆமா தம்பி," என்றான் மொக்கைச்சாமி. "பெரிய பெரிய ஆக்டருகளே அப்படித்தான் செய்வாகளாம். நாந்தான் இவகிட்டச் சொன்னேன்."

லென்ஸைப் பற்றி, வெளிச்சத்தைப் பற்றி, ரசாயனத்தைப் பற்றி எல்லாம் சொல்லிக்கொடுத்த வாத்தியார்கள் இதை விட்டுவிட்டார்கள். ராயப்பராஜ் கையிலிருந்த கடைசிச் சுருளை நினைத்தான். மூடநம்பிக்கை என்று வாதாடினால் பொழுது சாய்ந்துவிடும். கேமராவைத் திருப்பி வைத்துக்கொண்டு, சுருள் போடாமலே சாவி கொடுத்து விசையை அழுத்தினான். வெறும் கேமரா கிர்ரென்று ஓடியது. மொக்கைச்சாமி பல் அத்தனையும் தெரியச் சிரித்தான். ஒச்சம்மாளும் கூடச் சேர்ந்து சிரித்து, கேமராவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்ன சாமர்த்தியம் பண்ணிவிட்டோம் என்று ராயப்பராஜுக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

மறுநாள் மொக்கைச்சாமிக்கு டூட்டி. அதற்கு மறுநாள் தொப்பிக் காட்சி என்று ஏற்பாடு. டூட்டியில் அவன் டிக்கெட் கிழித்ததைவிடக் கதை சொன்னதுதான் அதிகம். சேவுகம்பட்டித் திருப்பத்தில், குத்துப்பட்டவன் எப்படிச் சாய்வான் என்று படிக்கட்டில் நின்று ரெண்டு கையையும் விட்டு நடித்துக் காட்டியிருக்கிறான். சாய்ந்தவன் சாய்ந்தபடியே ரோட்டில் விழுந்தான். மண்டையில் அடி. ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து போட்டபோது நினைவு இல்லை.

சேதி கேட்டு ராயப்பராஜ் ஓடினான். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் ஒச்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் சொந்தக்காரப் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணில் மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அவனைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"இவளுக சும்மா அழுறாளுக தம்பி. அவருக்கு ஒண்ணும் ஆகாது. அதான் அன்னைக்கே சிரிச்சுட்டாரே. பத்திரமா பொட்டிக்குள்ள வச்சிருக்கீகள்ல?"

"வச்சிருக்கேன் மதினி."

"அது போதும். நான் ஏன் அழுகப்போறேன்?"

டாக்டர் உள்ளே போனார், வந்தார், கண் விழிக்கட்டும் பார்ப்போம் என்றார். ஒவ்வொரு முறையும் ஒச்சம்மாள் மற்றப் பெண்களிடம் சிரிப்பு விவரத்தைத் திரும்பச் சொன்னாள். சொல்லிவிட்டு, நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல் ராயப்பராஜைப் பார்த்தாள். அவனும் தலையை ஆட்டினான். தோஷத்தில் எல்லாம் அவனுக்கு நம்பிக்கை இல்லைதான். ஆனால் பெட்டிக்குள் ஒன்றும் இல்லை என்பது அந்த வராந்தாவில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். உள்ளே இருமல் சத்தம் கேட்டாலும் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. ஓவர்கோட்டையும் கத்தியையும் வைத்துக்கொண்டு ஒரு வாரமாக எந்தப் பயத்தைத் தேடி அலைந்தானோ, அது இப்போது பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தது. எதிராளிக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருப்பதுதான் பயம் என்று வாத்தியார் இங்கிலீஷில் சொன்னது அன்றைக்குத்தான் தமிழில் புரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம்? மொக்கைச்சாமி எழுந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று மாதாவுக்கு வேண்டிக்கொண்டான்.

பொழுது விடிந்து மொக்கைச்சாமி கண் விழித்தான். விழித்ததும் வண்டி எந்த ஊரைத் தாண்டுது என்று கேட்டானாம். ஒச்சம்மாள் கஞ்சி எடுத்துவர வீட்டுக்குப் போன சமயம் பார்த்து, ராயப்பராஜ் கேமராவோடு ஓடிவந்தான். இந்தத் தடவை சுருள் போட்டிருந்தான்.

"அண்ணே, இன்னொருக்கா சிரிங்க."

"அதான் அன்னைக்கே சிரிச்சேனே."

"ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும்."

இன்னொரு தடவை கேமராவில் விழுவதென்றால் மொக்கைச்சாமிக்குக் கசக்குமா? தலையில் பெரிய கட்டோடு ஜன்னல் வெளிச்சத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆனால் தாடை வீங்கியிருந்தது. சிரித்தால் அழுவதுபோல் வந்தது. மறுபடி சிரித்தான், கொட்டாவி மாதிரி வந்தது. கடைசிச் சுருள் என்று தெரிந்தும் ராயப்பராஜ் விசையிலிருந்து கையை எடுக்கவில்லை. அடுத்த கட்டில்காரர் தலையைத் தூக்கி, "கோட்டுப் போட்டுத் திரிஞ்ச பையனுக்குக் காச்சல் விட்டுருச்சாப்பா?" என்று கேட்டார். மொக்கைச்சாமி வலியை மறந்து விழுந்து விழுந்து சிரித்தான். சுருளும் தீர்ந்தது.

சேக் பரீதிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"அப்ப என் மூஞ்சி?"

"வராதுடா."

"படம் பூரா வேர்த்து ஊத்துனது எவனுக்குடா?"

ராயப்பராஜ் முடிவில்லாத மர்மப்படத்தைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போனான். கிட்டங்கி வாழ்க்கை நிச்சயம் என்று ஆகிவிட்டது. கொலை நடக்கிறது, பிணம் கிடக்கிறது, அப்புறம் என்ன செய்வது? கையில் மிச்சமிருந்த ஒரே துண்டு அந்தச் சிரிப்பு. வருவது வரட்டும் என்று அதைக் கடைசியில் ஒட்டிவிட்டான்.

தேர்வாளர்கள் பார்த்தார்கள். குத்துப்பட்டுக் கிடந்தவன் தலையில் கட்டோடு எழுந்து உட்கார்ந்து, நேராகத் தங்களைப் பார்த்து வீங்கிய தாடையோடு சிரித்தபோது ஒருவர் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். கொலைகாரன் முகத்தைக் காட்டாமல் விட்ட துணிச்சலை ஒருவர் புகழ்ந்தார். நெஞ்சில் குத்துப்பட்டவனுக்குத் தலையில் கட்டு ஏன் என்பதற்கு இன்னொருவர் தத்துவம் சொன்னார், காயம் அறிவில்தான் என்றார். ராயப்பராஜ் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். முதல் வகுப்பில் தேறினான்.

சிலுவைமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மகன் படத்தை ஊருக்குக் காட்டியே தீருவது என்று எங்கிருந்தோ புரொஜெக்டர் இரவல் வாங்கி, கிட்டங்கிக் கதவுகளைப் பகலிலேயே அடைத்து இருட்டாக்கி, வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டார். எல்லாரும் வந்தார்கள். ராயப்பராஜ் தும்மலுக்குப் பயந்து மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு புரொஜெக்டர் பக்கத்தில் நின்றான். முன்வரிசையில் மொக்கைச்சாமியும் ஒச்சம்மாளும். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் ராயப்பராஜ் நினைத்தான். பாவி, தலையில் இருந்த கட்டை மறந்தே போனான். சென்னையில் அது தத்துவமாகிப்போய் ரொம்ப நாளாயிற்று.

படம் ஓடியது. தொப்பியைப் பார்த்துச் சிரித்தார்கள், பிணத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். கடைசியில் மொக்கைச்சாமி சிரித்ததும் கிட்டங்கியே கைதட்டியது. ஒச்சம்மாள் தட்டவில்லை.

"இது ஆஸ்பத்திரிக் கட்டுல்ல?" என்றாள்.

"ஆமா," என்றான் மொக்கைச்சாமி. "தம்பி ரெண்டாந்தடவையும் வந்து எடுத்தாப்புல."

"அப்ப தோப்புல சிரிச்சது எங்க?"

யாரோ கதவைத் திறந்தார்கள். வெளிச்சம் வந்தது. "அது சரியா விழல மதினி," என்றான் ராயப்பராஜ்.

ஒச்சம்மாள் எழுந்து அவன் எதிரில் வந்து நின்றாள். "விழலையா, எடுக்கலையா?"

இன்னொரு பொய் நாக்கு நுனியில்தான் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தபின் அது வெளியே வரவில்லை.

"எடுக்கல."

அவள் ஏசுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் ஏசவில்லை. குரல்கூட உயரவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வராத கண்ணீர் இப்போது வந்தது.

"அப்ப அன்னைக்கு நான் எத நம்பித் தம்பி ஒக்காந்திருந்தேன்?"

ஓடி முடிந்த சுருளின் வால் சக்கரத்தோடு சுற்றிப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்த ராயப்பராஜுக்குக் கை வரவில்லை. ஒச்சம்மாள் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.