தவ்ஹீதாவுக்கு ஒரு பெட்டி

அடுப்பில் மணலை வறுத்துக்கொண்டிருந்தான் ஹாஸிம். பெருநாளைக்கு பிஸ்கட் சுடுவதற்கென்று அம்மா வைத்திருந்த அகலமான அலுமினியத் தட்டு. மரக்கரண்டியால் கிளறக் கிளற ஆவி எழுந்து சமையலறை ஜன்னல் கண்ணாடி வியர்த்தது. காலையிலிருந்து இது மூன்றாவது ஈடு. கீழ்வீட்டு அம்மாள் மாடியேறி வந்து, என்னவோ வறுக்கிற வாசனை வருகிறதே, சஃபினாஸ் டீச்சர் எழுந்து சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். கதவருகில் நின்ற அக்கா இப்திஹால், ஆமாம், கோதுமை வறுக்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மணல் என்றால் எதற்கு என்பாள். எதற்கு என்றால் பாம்புக்கு என்று சொல்ல வேண்டும்.

பாம்பு அந்த வீட்டுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. முழங்கை நீளத்துக்குச் சற்று கூட. மஞ்சள் உடம்பில் பழுப்புத் திட்டுகள். தலைக்கும் வாலுக்கும் அதிக வித்தியாசம் தெரியாத மண்ணுளிப் பாம்பு. விஷம் கிடையாது. அம்மா சஃபினாஸ் உயிரியல் கற்பித்த பெண்கள் பள்ளியில் ஆய்வுக்கூடத்தைக் கணினி அறையாக மாற்றியபோது, மற்ற ஜீவன்களை யார் யாரோ கொண்டுபோனார்கள். இதைத் தொட ஆளில்லை. கண்ணாடித் தொட்டியோடு டாக்ஸியில் வைத்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நாளெல்லாம் அறைக்குள் புதைந்து கிடந்துவிட்டு, எதிர்பாராத நேரத்தில் தலையை மட்டும் வெளியே நீட்டும் தலைமையாசிரியை ஒருத்தி அந்தப் பள்ளியில் இருந்தாள். தவ்ஹீதா என்று பெயர். அந்தப் பெயரையே பாம்புக்கும் வைத்தார். வெளியூரான தன்டாவில் வாழ்க்கைப்பட்ட இப்திஹால் தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "உன் பொண்ணு எப்படி இருக்கா?" என்று அம்மாவைக் குத்துவாள். "உன்னை மாதிரி இல்ல, கொடுத்ததைச் சாப்பிடுறா," என்பார் அவர்.

போன வாரம் அந்தத் தொட்டி உடைந்தது. அம்மாவின் அறைக்குள் ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவரும்போது அது சாய்ந்து, கண்ணாடியின் முன்பக்கம் நொறுங்கிப் போயிற்று. சிலிண்டர் கொண்டுவந்த ஆளின் கை நழுவிவிட்டது என்று ஹாஸிம் சொன்னான். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பாம்பை ஒரு பிளாஸ்டிக் டப்பில் போட்டு, மேலே துணி கட்டி, அடியில் வெந்நீர்ப் பை வைத்தார்கள். வெளியே ஜனவரி மாதத்துப் புயல்மழை. கடல் சாலைமேல் ஏறி வந்துகொண்டிருந்தது. தவ்ஹீதா சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. இரண்டு நாள் கழித்து அம்மாவும் நிறுத்திவிட்டார்.

ஹாஸிம் ஏசி மெக்கானிக். அம்மாவோடுதான் இருந்தான். வேலைக்குப் போவதை விட்டுவிட்டு, அம்மா படுத்தபடியே பார்க்கும்படி கட்டிலுக்கு எதிர்ச்சுவரை ஒட்டிப் பெட்டி செய்ய ஆரம்பித்தான். மூன்று பக்கமும் மேற்புறமும் மரப்பலகை. முன்பக்கம் பூட்டு வைத்த நகரும் கண்ணாடி. பக்கவாட்டில் காற்றுக்கு வலை. அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் சூடேற்றும் விரிப்பு. ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் மிதமாகவும் இருக்க வேண்டும், எது வேண்டும் என்று அதுவே தீர்மானித்துக்கொள்ளும் என்று அம்மா சொல்லியிருந்தார். விரிப்பு அதிகம் காய்ந்துவிட்டால் புதைந்து கிடக்கிற பாம்பின் வயிறு வெந்துபோகும். அதனால் கடையிலிருந்து ஒரு தெர்மோஸ்டாட் எடுத்துவந்து மாட்டினான். சோதித்துப் பார்க்க அதன் முனையை வெந்நீர் டம்ளரில் விட்டதும் விளக்கு எரிந்தது. அவன் திருப்தியோடு திரும்பிப் பார்த்தான். அம்மா ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார்.

"சூடானா எரியுது."

"ஆமாம்மா."

"சூடானா அணையணும்டா. நீ அவளுக்கு ஃபிரிட்ஜ் பண்ணி வெச்சிருக்கே."

இருபது வருஷப் பழக்கம், கை தானாகவே அப்படி இணைத்துவிட்டிருந்தது. ஒயரைக் கழற்றி மாற்றி மாட்டினான். அம்மா சிரித்தாரா, மூச்சு வாங்கினாரா என்று தெரியவில்லை.

மணல்தான் பாக்கி. அக்கம்பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் வாங்கிய மணல் மழையில் ஊறியிருந்தது. ஈரம் இருந்தால் தோல் புண்ணாகும், நான்கு விரல் ஆழத்துக்கு உலர்ந்த மணல் வேண்டும், வறுத்தால் பூச்சியும் செத்துவிடும் என்றார். முதல் ஈட்டை ஒரு கிண்ணத்தில் ஆறவைத்துக் கொண்டுபோனான். அம்மா விரல்களை உள்ளே விட்டுப் பார்த்து, "ஈரம்," என்றார். இரண்டாவது ஈட்டுக்கு, "அடியில," என்றார். அந்தச் சொல்லுக்கே நெடுநேரம் பிடித்தது.

மூன்றாவது ஈடு கையில் ஒட்டாமல் உதிர்ந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்து, அம்மாவின் கையை அவனே எடுத்து மணலுக்குள் வைத்தான். விரல்கள் அப்படியே இருந்தன. மதிப்பெண் போடுவதில் அம்மா எப்போதுமே தாமதம். விடைத்தாளை மூன்று முறை புரட்டிய பிறகுதான் சிவப்புப் பேனாவைத் திறப்பார். அவன் காத்திருந்தான். கட்டிலின் மறுபக்கத்திலிருந்த இப்திஹால் அம்மாவின் நெஞ்சில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் குனிந்திருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"போதும் ஹாஸிம். கையை எடுத்துடு."

அவன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். அணைத்த அடுப்பின் குமிழை இன்னொரு முறை திருகிப் பார்த்தான்.

மதியத்துக்குள் உடலைக் குளிப்பாட்டுகிறவள் வந்தாள். கதவு வரை வெந்நீர் கொண்டுபோய்க் கொடுப்பது ஹாஸிமின் வேலை. மூன்றாவது வாளியைக் கொடுக்கும்போது உள்ளே அவள் கேட்பது காதில் விழுந்தது.

"நகத்துக்குள்ள மணல் இருக்கே. தோட்ட வேலை செய்வாங்களா?"

"இல்ல," என்றது அக்காவின் குரல். "டீச்சர்."

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மழை விட்டிருந்தது. குடும்பக் கல்லறையின் நிலத்தடி அறைக்குப் படியிறங்கி, உடலை வாங்கி வலது பக்கமாக ஒருக்களித்து வைக்கிற வரைக்கும் ஹாஸிமுக்கு எதுவும் தோன்றவில்லை. எழுந்திருக்கும்போது உள்ளங்கையைத் தரையில் ஊன்றினான். கொஞ்சம் ஊன்றியபடியே இருந்துவிட்டான். மேலிருந்து குழிவெட்டி, "புது மணல் அய்யா. காய்ஞ்சதுதான் போட்டிருக்கேன்," என்றான். அவன் கேட்கவில்லை, ஆனாலும் அந்த ஆள் சொன்னான்.

வீடு திரும்பியபோது இப்திஹால் கட்டிலைக் கழற்றி, அம்மாவின் அறையில் பெண்களுக்கு நாற்காலிகள் போட்டிருந்தாள். ஆண்கள் கூடத்தில். இருட்டியதும் குர்ஆன் ஓதுகிறவர் வந்துவிடுவார், டமன்ஹூரிலிருந்து கிஸ்மத் பெரியம்மா கிளம்பிவிட்டார் என்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

"இதை இன்னிக்கே எங்கயாவது கொண்டுபோயிடு. பாம்பு இருக்கிற அறையில எவ வந்து உக்காந்து துக்கம் கேப்பா?"

"எங்க கொண்டுபோறது?"

"மணல்ல வாழுற ஜீவன்தானே. ஊரைச் சுத்தி மணல்தான்."

"பதினெட்டு வருஷம் வீட்டுக்குள்ள இருந்தது. இந்தக் குளிர்ல நாளைக் காலை வரைக்கும் தாங்காது."

அவள் டப்பைப் பார்த்தாள். வெந்நீர்ப் பை எப்போதோ ஆறிப்போயிருந்தது. ஹாஸிம் குனிந்து பெட்டிக்குள் மணலைக் கொட்ட ஆரம்பித்தான். முதல் இரண்டு ஈட்டையும் காலையிலேயே மறுபடி வறுத்து வைத்திருந்தான். சமப்படுத்திக்கொண்டே, அவள் பக்கம் திரும்பாமல் சொன்னான்.

"சிலிண்டர் கொண்டுவந்த ஆள் வாசல்லயே வெச்சிட்டுப் போயிட்டான். உள்ள உருட்டிட்டு வந்தது நான்."

"தெரியும்," என்றாள் இப்திஹால். "அம்மாவுக்கும் தெரியும்."

"உன்கிட்ட சொன்னாங்களா?"

"அன்னிக்கு சாயங்காலமே சொன்னாங்க. உன்கிட்ட கேக்கக் கூடாதுன்னும் சொன்னாங்க."

அவன் மணலைச் சமப்படுத்திக்கொண்டிருந்தான். ஏற்கெனவே சமமாகத்தான் இருந்தது. தெர்மோஸ்டாட்டின் முனையை அடிவரைக்கும் புதைத்து, விரிப்புக்கு இணைப்பு கொடுத்தான். குளிர்ந்த பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தான். அரை மணி நேரம் இருவரும் தரையில் உட்கார்ந்து எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தாறு. இருபத்தொன்பது. முப்பத்திரண்டில் டக்கென்று சத்தம் கேட்டு, சிறு விளக்கு அணைந்தது.

"இப்ப சரியா?" என்றாள்.

"சரி."

"கண்ணாடியைத் திற."

அவன் திறந்தான். அவள் டப்பின் துணியை அவிழ்த்தாள். சாய்த்துக் கொட்டுவாள் என்று நினைத்தான். அவள் அங்கியின் கையை முழங்கைக்கு மேலே தள்ளி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, கையை உள்ளே விட்டாள். பாம்பு கல் மாதிரி குளிர்ந்து, அசையாமல் அவள் உள்ளங்கையில் கிடந்தது. செத்துவிட்டதா என்றாள். அவனுக்குத் தெரியவில்லை. சூடான பக்கத்து மணல்மேல் அதை வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். எடுத்த கையைத் துடைத்துக்கொள்ளவில்லை.

கீழே வாசலில் கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது. ஹாஸிம் கண்ணாடியை மூடிப் பூட்டினான். அம்மாவின் பூவேலை செய்த மேஜைவிரிப்பைக் கொண்டுவந்து முன்பக்கம் தொங்கும்படி விரித்தாள் இப்திஹால். காற்றுவலையை மறைக்காமல் இரண்டு ஓரத்தையும் மடித்துவிட்டாள். மூடுவதற்கு முன் இருவரும் பார்த்தார்கள். தலையிருந்த பக்கம் மணல் கொஞ்சம் விலகியிருந்தது. உடம்பு தெரியாமலே சரிந்து, உள்ளே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு சிறு பள்ளம் மட்டும் இருந்தது. அதுவும் மூடிக்கொண்டது.

ஓதுகிறவர் முதல் பகுதியை முடித்து நிறுத்தியபோது பெண்கள் அறை நிறைந்திருந்தது. துக்க வீட்டு வழக்கப்படி சர்க்கரை போடாத காபித் தட்டோடு ஹாஸிம் கதவு வரை வந்து நின்றான். மறுபடி பிடித்துக்கொண்ட மழையில் கிஸ்மத் பெரியம்மா வழி நெடுக நனைந்து வந்திருந்தார். உட்கார்ந்த இடம் சரிப்படாமல் எழுந்து, நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரோரமிருந்த பெட்டியை ஒட்டிப் போட்டு, முதுகைச் சாய்த்துக்கொண்டார். ஈரக் கையுறையைக் கழற்றி, பலகைமேல் உள்ளங்கையை வைத்தார்.

"இங்க நல்லா கதகதன்னு இருக்குடி," என்றார்.

இப்திஹால் தம்பியிடமிருந்து தட்டை வாங்கினாள். பெரியம்மாவுக்கு ஒரு கோப்பையைக் கொடுத்தாள். பிறகு வாசலருகில் குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த இன்னொரு வயதான அம்மாளின் கையைப் பிடித்து எழுப்பி, அந்தப் பக்கமாகவே அழைத்துக்கொண்டு போனாள்.