முப்பது அங்குலத்தில் ஒரு மேடை

"நாலு பர்னர் ஹாப் அடுப்பு சார். கிரானைட்ட வெட்டி உள்ள பதிச்சிருவோம். மேல கண்ணாடி, ஒரு துடைப்புல பளபளன்னு ஆயிரும்" என்று சொல்லியபடி விற்பனையாளர் உடையப்பன் முன்னால் நடந்தார். பெலிக்ஸ் அவரோடு நடந்தான். பெலிக்ஸின் மனைவி ஏஞ்சலின் தன் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு இருவருக்கும் பின்னால் வந்தாள். வரிசைகளுக்கு நடுவே ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டிகளை அடுக்கிவைத்திருந்தார்கள். இரண்டு இடத்தில் அவள் பின்வாங்கி வேறு பக்கமாகச் சுற்றிவர வேண்டியிருந்தது. முன்னால் போன இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்கு வருடங்களுக்கு முன்பு கொடைரோடு பிரிவில் ஒரு லாரி அவளுடைய ஸ்கூட்டரை இடித்தது. இடுப்புக்குக் கீழே அசைவு போயிற்று, உணர்வும் போயிற்று. அதற்கு முன் திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். இப்போது வீட்டிலிருந்தபடியே பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறாள். அவர்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் சமையலறை வாசல் மிகவும் குறுகல், நாற்காலி நுழையாது. நான்கு வருடமாக அவள் அடுப்படிக்குள் போனதே இல்லை. ஆரோக்கியம்மாள் காலையில் வந்து சமைத்து மேசைமேல் மூடிவைத்துவிட்டுப் போவார்.

பேகம்பூர் தாண்டி ஒரு மனை வாங்கி இப்போது சொந்தமாக வீடு கட்டுகிறார்கள். வாசல்கள் எல்லாம் அகலம். படிக்குப் பதிலாகச் சரிவு. பிளான் போட்ட நாளிலிருந்து ஏஞ்சலின் மனதில் ஒரே நினைப்புதான்: அந்த வீட்டில் நான் சமைப்பேன். அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. வேறு எதற்காக அவ்வளவு அகலமாக வாசல் வைப்பார்கள்?

உடையப்பன் ஓவன்கள் இருந்த சுவருக்கு முன் நின்றார். "இது பில்ட்-இன் சார். அலமாரிக்குள்ள உக்கார வச்சிரலாம். கேக்கு, பிரெட்டு, சிக்கன், எல்லாம் போடலாம்."

"கதவு எந்தப் பக்கம் திறக்கும்?" என்று ஏஞ்சலின் கேட்டாள்.

அவர் பெலிக்ஸைப் பார்த்துப் பதில் சொன்னார். "கீழ் நோக்கித் திறக்கும் சார். எல்லாக் கம்பெனியும் அப்படித்தான்."

"கேட்டது நான்."

"சொல்லுங்க மேடம்" என்றார் அவர், சத்தத்தைக் கூட்டி, காது கேளாதவர்களிடம் பேசுவதைப்போல.

அவளே கைநீட்டி ஓவன் கதவைக் கீழே இழுத்துத் திறந்தாள். கதவு பலகைபோல நீண்டு வந்து அவள் முழங்காலுக்கு மேலே நின்றது. நாற்காலியை இன்னும் முன்னே நகர்த்த முடியவில்லை. உள்ளே இருக்கும் தட்டை எட்டி எடுக்க வேண்டுமென்றால், சுடச்சுட அதைத் தூக்கித் தன் மடிமேல் கொண்டுவந்துதான் ஆக வேண்டும்.

"பக்கவாட்டுல திறக்குற கதவு இருக்கா? அலமாரிக் கதவு மாதிரி, இந்தப் பக்கமாத் திறக்குறது?"

"அது வர்றதில்ல மேடம்."

"வர்றதில்லையா, நீங்க வாங்கி வைக்கிறதில்லையா? சரி, அந்த ஹாப்புக்கு அடியில எம்புட்டு சூடு வரும்? அடியில முழங்காலு வரும் எனக்கு."

உடையப்பன் சிரித்தார். "அடியில யாரு மேடம் உக்காரப் போறா? இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்ல." பிறகு பெலிக்ஸ் பக்கம் திரும்பி, "சார், வீட்டுல சமைக்கிறது யாரு?" என்று கேட்டார்.

பெலிக்ஸ் தயங்காமல் சொன்னான். "ஒரு அம்மா வாராங்க. அவங்கதான் சமைப்பாங்க. அவங்க உயரத்துக்குச் சரியா இருந்தாப் போதும்."

ஏஞ்சலினுக்கு முதலில் அது விளங்கவில்லை. விளங்கியபோது முகம் எரிந்தது. வாசல் அகலம் எல்லாம் அவள் சமையலறைக்குள் வந்து வேடிக்கை பார்ப்பதற்கு. அவ்வளவுதான்.

"என் வீட்டு அடுப்பு ஆரோக்கியம்மாளோட உயரத்துக்கா?"

"ஏஞ்சல், கடையில வச்சு எதுக்கு? வீட்டுல போய்ப் பேசுவோம்."

"வீட்டுல எப்பப் பேசுனீங்க? நீங்களா முடிவு பண்ணிட்டு என்னைய எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க? கலர் பாக்கவா?"

அவள் நாற்காலியைத் திருப்பினாள். சக்கரம் ஒரு அட்டைப்பெட்டியில் இடித்தது. ஒதுங்கவில்லை, இடித்துத் தள்ளிக்கொண்டே வாசலுக்குப் போனாள். கண்ணாடிக் கதவைத் தோளால் முட்டித் திறந்தாள். வெளியே மூன்று படி. வரும்போது பெலிக்ஸும் கடை ஊழியர் ஒருவரும் நாற்காலியோடு தூக்கி ஏற்றியிருந்தார்கள். கோபத்தில் அது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

நல்ல வெயில். கீழே ஆட்டோக்களும் பஸ்களும் போய்க்கொண்டிருந்தன. கோபித்துக்கொண்டு வெளியேறுகிற எந்தப் பெண்ணும் விறுவிறுவென்று நடந்து போய்விடலாம். அவள் மட்டும், யார்மீது கோபமோ அவர்களே வந்து இறக்கிவிடும்வரை, கடை வாசலில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் பெலிக்ஸ் வந்து தோளைத் தொட்டான்.

"தொடாதீங்க."

"இறங்கணும்ல?"

"செத்த நேரம் சும்மா இருங்க. நான் சொல்லும்போது இறக்கினாப் போதும்."

அவள் சொல்லப் பத்து நிமிடம் ஆயிற்று. அதுவரை அவனும் வெயிலில் நின்றான்.

அன்றும் மறுநாளும் அவர்களுக்குள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் காலை பெலிக்ஸ் கொடைரோட்டில் தான் வேலை பார்க்கும் பள்ளிக்குக் கிளம்பும்போது, கிரானைட் வந்து இறங்கிவிட்டது, இன்றைக்குச் சமையல் மேடையில் பதிக்கிறார்கள் என்றான். அவளிடம் சொன்னானா, சுவரிடம் சொன்னானா என்று தெரியவில்லை. அவன் போனதும் ஏஞ்சலின் பத்தரை மணி வகுப்பை ரத்து செய்தாள். வழக்கமாக வரும் ஆட்டோவைக் கூப்பிட்டு, நாற்காலிக்கும் ஆட்டோவுக்கும் நடுவே போட்ட பலகையின்மேல் நகர்ந்து ஏறி, நாற்காலியை மடித்துப் போட்டுக்கொண்டு புது வீட்டுக்குப் போனாள்.

கொத்தனார் மூக்கையா மேடைமேல் சிமெண்டுப் பாலைப் பரப்பிக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்காரர். அவளைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வாங்க டீச்சர். தனியாவா வந்தீக?"

"மேடை எத்தன இஞ்சுண்ணே?"

"முப்பத்துநாலு. சார் சொன்னது."

அவள் மேடையை ஒட்டிப் போய் நின்றாள். விளிம்பு அவள் மார்புக்கு வந்தது. அடியில் செங்கல் சுவர். முழங்கால் சுவரில் முட்டியது, அது அவளுக்குத் தெரியவில்லை, நாற்காலி நின்றதை வைத்துத்தான் தெரிந்தது. இங்கே ஒரு சட்டி கொதித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவளால் பார்க்கக்கூட முடியாது.

"இத இடிச்சிருங்கண்ணே."

"எத டீச்சர்?"

"இந்த மேடைய. முப்பது இஞ்சுக்கு இறக்கணும். அடியில சுவரே கூடாது. ரெண்டு ஓரத்துல மட்டும் தாங்கல். என் காலு உள்ள போகணும்."

மூக்கையா தலையைச் சொறிந்தார். "சார்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டா..."

"எல்லாரும் சார்ட்டயே கேளுங்க!" அவள் கத்தினாள். காலியாக இருந்த அறைகளில் அந்தச் சத்தம் போய் முட்டித் திரும்பியது. "சார் என்னைக்காவது ஒரு வெஞ்சனம் வச்சிருக்காரா? வெங்காயம் வதக்கத் தெரியுமா அவருக்கு? அடுப்பு முன்னாடி உக்காரப் போறது நான். அளவு என்னுது. நீங்க இடிக்கலேன்னா சுத்தியலக் குடுங்க, நான் இடிக்கிறேன்."

மூக்கையா பையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு அவள் அருகே குந்தினார். "அசையாம இருங்க" என்று சொல்லிவிட்டு, தரையிலிருந்து அவள் முழங்கால்வரை அளந்தார். பிறகு நாற்காலியின் கைப்பிடிவரை. பிறகு அவளைக் கை நீட்டச் சொல்லி, எட்டும் தூரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்தார். "இதுக்கு மேல அலமாரி வச்சா வீணு" என்றார். வெளியே போய் சாருக்குப் போன் போட்டதையும் மறைக்கவில்லை. திரும்பி வந்து, "சார் கிளம்பி வர்றாராம். நிறுத்தச் சொல்றாரு" என்றபடியே சம்மட்டியை எடுத்தார்.

பெலிக்ஸ் வந்து சேர்ந்தபோது மேடை பாதிக்கு மேல் தரையில் கிடந்தது. சட்டையெல்லாம் வேர்வை. பஸ் நிற்குமிடத்திலிருந்து ஓடி வந்திருக்க வேண்டும்.

"உனக்கு என்ன பைத்தியமா? யாரக் கேட்டு இடிச்ச?"

"யாரக் கேட்டுக் கட்டுனீங்க?"

"ஏஞ்சல், உன் நல்லதுக்குத்தான..."

"என் நல்லது எதுன்னு என்கிட்ட கேக்கணும்னு ஒருநாளாவது தோணுச்சா? சோறு என்ன வேணும்னு ஆரோக்கியம்மாள்ட்ட நீங்க சொல்றீங்க. என்ன அடுப்புன்னு கடைக்காரன்ட்ட நீங்க சொல்றீங்க. நான் இந்த வீட்டுல யாரு? வந்து தங்கியிருக்கிற நோயாளியா?"

"அந்த ரசம் மறந்துபோச்சா உனக்கு?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாவது மாதம், சாப்பாட்டு மேசையில் ரசக் கிண்ணம் அவள் மடியில் கவிழ்ந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஈரத் துணியால் சேலையைத் துடைத்துவிட்டு வகுப்பு எடுக்கப் போய்விட்டாள். சாயங்காலம் உடை மாற்றும்போதுதான் பெலிக்ஸ் பார்த்தான். தொடை இரண்டும் தோலுரிந்து கிடந்தது. ஆற ஐந்து மாதம் ஆயிற்று. தினமும் மருந்து வைத்துக் கட்டியது அவன்தான். அதை இப்படி ஒரு வெளியாள் முன்னால் எடுத்துப்போட்டுவிட்டானே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. மூக்கையா சிமெண்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"சுட்டா எனக்குத் தெரியும்" என்றான் பெலிக்ஸ். "உனக்குத் தெரியாதுடி. நான் கொடைரோட்டுல பாடம் நடத்திக்கிட்டு இருப்பேன். நீ இங்க எண்ணெய மடியில ஊத்திக்கிட்டு ஒண்ணும் தெரியாம உக்காந்திருப்ப. அத நெனச்சா எனக்கு வகுப்புல பேச வாய் வரல."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்ல? உனக்குப் பயங்காட்டவா?"

"எனக்குப் பயம் இல்லேன்னு யார் சொன்னா? அது என் தொடைங்க. உங்களுக்கு முன்னாடி எனக்குத்தான் பயம்." அவள் சக்கரத்தை உருட்டி அவன் எதிரே வந்தாள். "அதனாலதான் கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு கேட்டேன். அதனாலதான் அடியில எம்புட்டு சூடு வரும்னு கேட்டேன். அவன் சிரிச்சான். நீங்க அவன்கூட நின்னீங்க. நான் கேட்டது ஒவ்வொண்ணும் இந்தத் தொடைக்காகக் கேட்டது. உங்களுக்கு அது புரியவே இல்ல."

பெலிக்ஸ் உடைந்த செங்கல் குவியலில் உட்கார்ந்தான். அவள் சமாதானம் சொல்லவில்லை. சமாதானம் சொல்லும் மனநிலையில் அவள் இல்லை. நான்கு வருடக் கோபத்தில் கால்வாசிகூட இன்னும் இறங்கவில்லை.

கடைசியில் அவன்தான் கேட்டான். "சரி. எப்படி இருக்கணும்? சொல்லு."

அவள் சொன்னாள். கேஸ் வேண்டாம், இண்டக்ஷன். இரண்டு அடுப்பு போதும், ஆனால் பக்கத்தில் பக்கத்தில். முன்னும் பின்னுமாக இருந்தால் கொதிக்கும் சட்டிக்கு மேலே கை நீட்ட வேண்டிவரும். பொத்தான்கள் முன் விளிம்பில். அடுப்புக்கு அடியில் சூடு இறங்காத பலகை ஒன்று. அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் மேடு பள்ளம் இல்லாமல் ஒரே மட்டம், பாத்திரத்தைத் தூக்காமல் தள்ளிக்கொண்டே போகலாம். ஓவன் கதவு பக்கவாட்டில் திறக்க வேண்டும். அதன் அடியில் இழுத்தால் வருகிற பலகை. சூடான தட்டு நேரே அந்தப் பலகைக்கு வரும், மடிக்கு வராது.

"கரண்டு போனா?"

"பிரியாணி வாங்கிட்டு வாங்க. இந்த ஊர்ல அதுக்கா பஞ்சம்?"

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

பக்கவாட்டுக் கதவு ஓவன் திண்டுக்கல்லில் கிடைக்கவில்லை. மதுரையில் ஒரு கடையில் சொல்லிவைத்து ஆறு வாரம் காத்திருந்தார்கள். அந்தக் கடைக்காரரும் முதலில் பெலிக்ஸைப் பார்த்தே பேசினார். பெலிக்ஸ், "அவங்கட்ட பேசுங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் நின்றான். ஏஞ்சலின் காட்சிக்கு வைத்திருந்த இண்டக்ஷன் அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைக்கச் சொல்லி, அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, அடியில் கைவைத்துப் பார்த்தாள். விசிறி இருந்த இடத்தில் வெதுவெதுப்பு. மற்ற இடத்தில் ஒன்றும் இல்லை. பெலிக்ஸையும் கூப்பிட்டுக் கைவைக்கச் சொன்னாள். அவன் நெடுநேரம் கையை எடுக்கவே இல்லை.

குடிபோன மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அவள் அடுப்படிக்குள் போனாள். மடியில் தடித்த தோல் விரிப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டாள். கறிக்குழம்பு. வெங்காயம் நறுக்கும்போதே தோள் வலித்தது. நான்கு வருடத்தில் கைவாகு போயிருந்தது. மல்லி கொஞ்சம் கருகியது, கொட்டிவிட்டு மறுபடி வறுத்தாள். பெலிக்ஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தான். ஒவ்வொரு தடவை அவள் கரண்டியைத் தூக்கும்போதும் அவன் கை தானாக முன்னே வந்தது.

"வெளிய போங்க."

"சும்மா நிக்கிறேன்."

"சும்மா நிக்க வேணாம். போங்கன்னா போங்க."

அவன் போனான். ஹாலில் செய்தித்தாளை விரிக்கும் சத்தம் கேட்டது. பக்கம் புரட்டும் சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.

ஒரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவன் முதல் கவளத்தை வாயில் வைத்தான். கண் கலங்கியது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. காரம் ஜாஸ்தி."

"என்னது?"

"மிளகா ரெண்டு கூடிப்போச்சு ஏஞ்சல். உண்மையத்தான சொல்றேன்."

"நாலு வருசமா வாய மூடிக்கிட்டுத் தின்னீங்கள்ல, இன்னைக்கு மட்டும் நாக்கு நீளுதோ?"

அவன் எழுந்து போய்த் தயிர் எடுத்துவந்து சோற்றில் ஊற்றிக்கொண்டான். அவளுக்கு நல்ல கோபம். தன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிக்கொண்டு, மூக்கில் நீர் வழிய, கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டு முடித்தாள்.